கறுப்பு ஏரியில் கிடந்த மரம்

ஃபார்கர் கேபர், அதுதான் போட்டியில் எறிகிற நெடுமரம், தூக்கப் பழகுகிறான் என்று மீன் வண்டிக்கார மெய்ரி சொன்னபோது நான் நம்பவில்லை. யார் எதைச் சொன்னாலும் நான் முதலில் நம்புவதில்லை. அவன் ஐம்பது தாண்டிய ஆள். ஆடு வளர்க்கிறவன், வேலிக்கால் மாதிரி உடம்பு. எங்கள் பால்னகார்ன் ஊரில் ஆகஸ்டில் நடக்கிற விளையாட்டு நாளில் வாழ்நாளெல்லாம் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தவனே தவிர ஒரு கூழாங்கல்லைக்கூட எறிந்தவனில்லை. மெய்ரி தராசில் மீனைப் போட்டபடி, "நம்பாட்டி போங்க பெருசு. சாயங்காலம் கீழ்வயலுக்கு வந்து பாருங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். செப்டம்பர் மழை தூறிக்கொண்டிருந்தது. வயல் நடுவில் ஃபார்கர் ஒரு வேலிக்காலின் ஒல்லி முனையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, பருத்த முனை வானத்தைப் பார்க்க, தோளில் சாய்த்துக்கொண்டு குடிகாரன் போலத் தள்ளாடிக்கொண்டிருந்தான். மெய்ரி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். அவள் பெண்கள் பிரிவில் எறிகிறவள். மீன் பெட்டி தூக்கித் தூக்கி அவளுக்குத் தோள் இரண்டும் கதவு அகலம். கையால் தூக்காதே, காலால் தூக்கு, கண்ணை மரத்தின் உச்சியில் வை, காலைப் பார்க்காதே என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் காலைப் பார்த்தான். மரம் விழுந்தது. ஆட்டுநாய் வாலைச் சுருட்டிக்கொண்டு வரப்போரம் போய்ப் படுத்துவிட்டது.

"நாய்க்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையேடா" என்றேன்.

ஃபார்கர் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்தான்.

எதற்கு இந்த வேலை என்று நான் கேட்கவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுடைய மகன் ரூரி நல்ல உயரம். அம்மா ஈஷ்பலின் ஆட்கள் வாகு. மெய்ரியும் அவனும் ஒன்றாக எறிந்து பழகினவர்கள். ஊரில் இரண்டு பேரையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள், அதில் பொய்யில்லை. ஒரு குளிர்காலத்தில் ரூரி மேட்டுத் தோப்பில் நல்ல லார்ச் மரம் ஒன்றைத் தேர்ந்து வெட்டினான். நாற்பது வருஷம் காட்டில் மரம் வெட்டினவன் நான், அதனால் பார்க்கக் கூப்பிட்டான். வளைவு இல்லாத, முடிச்சு குறைந்த மரம். பட்டையை உரித்தபின் தகப்பனும் மகனும் ஆளுக்கொரு முனையைத் தோளில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். பருத்த முனையின் முகத்தில் ரூரி கோடரி மூக்கால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கொத்தியிருந்தான். "உள்ளூர் ஆட்களுக்கு இதுதான் இனிமே கேபர். புரட்டுறவன் புரட்டிக்கோ" என்று விளையாட்டுக் குழுவிடம் கொடுத்துவிட்டான். திமிர்தான். அந்த வயதில் எனக்கும் இருந்தது.

அந்த ஆகஸ்டில் அவனே அதைப் புரட்ட முடியவில்லை. பட்டணத்திலிருந்து வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கேபர் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கிறார்கள். தூரத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. தோளில் சாய்த்த மரத்தோடு ஓடி, சட்டென்று நின்று, கையிலிருக்கும் ஒல்லி முனையை மேலே பிடுங்கி விட வேண்டும். பருத்த தலை தரையில் குத்தி, வால் அதன்மேல் எழுந்து தாண்டி எதிர்ப்பக்கம் விழ வேண்டும். எறிந்தவனுக்கு நேர் எதிரே, கடிகாரத்தில் பன்னிரண்டு மணி போல விழுந்தால் முழு மதிப்பு. ரூரி எறிந்தபோது வால் எழுந்தது, செங்குத்தாக நின்றது, யோசித்தது, அவன் பக்கமே திரும்பி விழுந்தது. அவன் ஒதுங்கிக்கொண்டு சிரித்தான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

ஏப்ரலில் ஆடுகள் குட்டி போடுகிற நாட்களில் மேட்டில் ஒரு பெண்ணாடு குட்டி சிக்கிக்கொண்டு கிடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஃபார்கர் மகனை அனுப்பினான். ஈரச் சரிவில் நாலு சக்கர மோட்டார் வண்டி கவிழ்ந்து ரூரி மேலேயே விழுந்தது. பெண்ணாடும் குட்டியும் பிழைத்துக்கொண்டன.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மரத்தை மூன்று வருஷ விளையாட்டில் ஒருவரும் புரட்டவில்லை என்றால், மூன்றாம் வருஷம் அன்றைக்கே மைதானத்தில் ரம்பம் கொண்டுவந்து பருத்த முனையில் ஒரு துண்டை அறுத்துவிடுவார்கள். தலை கனம் குறைந்தால் யாராவது புரட்டுவார்கள் என்று கணக்கு. ரூரி செத்த வருஷமும் அந்த மரத்தை யாரும் புரட்டவில்லை. தூக்கினவர்களே பாதி மனதோடு தூக்கினார்கள். வருகிற ஆகஸ்டோடு மூன்று. அறுத்தால் அந்த எழுத்து இருக்கிற முனைதான் போகும்.

குழுவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ரம்பத்தை எடுத்திருக்க மாட்டார்கள். ஃபார்கர் கேட்கிறவன் இல்லை. அவன் மீன் வண்டிக்குப் பின்னால் போய் நின்று மெய்ரியிடம், "எனக்குக் கத்துக்கொடு" என்றானாம். அவள் முதலில் சிரித்தாளாம். பிறகு மீன் சுற்றுகிற தாளை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு, நாளைக்கு வாங்க என்றாளாம்.

உள்ளூர்ப் போட்டியில் கேபருக்கு மட்டும் வந்து நிற்க முடியாது. கல், சம்மட்டி, எடைக்குண்டு எல்லாவற்றையும் எறிந்தவனுக்குத்தான் கடைசியில் கேபர். அதனால் அவன் எல்லாவற்றையும் பழகினான். ஓடையில் புரண்டு உருண்டையான கல் ஒன்றைத் தேடி எடுத்துவந்து, காலையில் ஆட்டுக்குத் தீனி வைத்த கையோடு கழுத்தோரம் ஒட்டவைத்து எறிவான். சம்மட்டிக்கு நான்தான் பிரம்புக் காம்பு போட்டுக் கொடுத்தேன். சுற்றும்போது கால் வழுக்காமல் இருக்கப் பூட்ஸ் மூக்கில் இரும்புத் தகடு வைக்க வேண்டும். அதையும் நானே வைத்தேன். முதல் வாரம் சம்மட்டி எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்கே தெரியாது. ஒரு தடவை கோழிக்கூண்டுக் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே போயிற்று. மெய்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "முட்டை உடையாம எடுத்துட்டு வாங்க, நான் காசு தர்றேன்" என்றாள். அன்றைக்குத்தான் அவன் முகத்தில் மகன் போனபிறகு முதல் தடவை ஒரு சிரிப்பைப் பார்த்தேன். ஜன்னல் வழியாக ஈஷ்பலும் பார்த்தாள். உடனே திரையை இழுத்துவிட்டாள்.

அந்த வீட்டில் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. உப்பு எங்கே, கதவு சாத்தியாச்சா, கால்நடை வைத்தியர் எப்போது வருகிறார், இவ்வளவுதான். நான் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அங்கே பார்லி சூப் குடிக்கப் போவேன். பெண்டாட்டி போனபிறகு எனக்குச் சமையல் வரவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து குடிப்போம். கரண்டிச் சத்தம் கேட்கும். ஃபார்கர் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்திருந்தான். காலையில் கஞ்சி, முட்டை, மத்தியானம் கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும், சாயங்காலம் மெய்ரி விற்றது போக விட்டுப்போகும் மீன். ஈஷ்பல் தட்டை நிரப்பி நிரப்பி வைப்பாள். எதற்கு இவ்வளவு சாப்பிடுகிறாய் என்று கேட்டதில்லை.

கில்ட், அதாவது ஆம்பிளைகள் கட்டுகிற கட்டம்போட்ட கம்பளிப் பாவாடை, அது இல்லாமல் எங்கள் மைதானத்தில் யாரும் எறியக்கூடாது. ஃபார்கருடைய கல்யாணக் கில்ட்டைப் பூச்சி தின்றுவிட்டது. ஒருநாள் ஈஷ்பல் ரூரியின் கில்ட்டை எடுத்துவந்து அவன் இடுப்பில் சுற்றிப் பார்த்தாள். இரண்டு கை அகலம் உபரியாக நின்றது. வாரின் கொக்கியைப் பிரித்து உள்ளே தள்ளித் தைத்தாள். கிறிஸ்துமஸ் தாண்டியதும் அது இறுகிவிட்டது. பிரித்து வெளியே தள்ளினாள். ஜூன் மாசம் கம்பளி கத்தரிக்கிற சமயத்தில் மறுபடி பிரித்தாள். அப்போது கொக்கி ரூரிக்கு இருந்த பழைய தையல் தடத்திலேயே போய் உட்கார்ந்தது. அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் சூப்பைப் பார்த்துக் குடித்தேன்.

நடுவில் ஒரு விபத்து நடந்தது. நவம்பரில், தரை உறைந்து கிடந்த ஒரு காலை, மெய்ரி வராத நாள். அவன் வேலிக்காலை விட்டு, ஒரு பழைய தந்திக்கம்பத்துக்குப் போயிருந்தான். தனியாகத் தூக்கியிருக்கிறான். பனியில் பூட்ஸ் வழுக்கி மல்லாந்து விழ, கம்பம் நெஞ்சுக்குக் குறுக்கே விழுந்தது. நாய் குரைத்து ஈஷ்பல் ஓடினாள். அவள் தூக்கிப் புரட்டித் தள்ளியிருக்கிறாள் அந்தக் கம்பத்தை, ஒற்றை ஆளாக. விலா எலும்பில் இரண்டு விரிசல். ஆஸ்பத்திரியில் இனித் தூக்கக்கூடாது என்றார்கள். அவன் தலையாட்டிவிட்டு வந்து, ஜனவரியில் மறுபடி கீழ்வயலுக்குப் போனான். தோள்பட்டைத் தோல் மரம் உரசி உரிந்து கிடக்கும். ஈஷ்பல் ஆட்டுக் கம்பளியின் கொழுப்பைத் தடவிவிடுவாள். தடவும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வான், அவள் சுவரைப் பார்ப்பாள்.

மரங்களைப் பாதுகாக்கிற வேலை என்னுடையது. விளையாட்டு முடிந்ததும் கேபர்களைக் கறுப்பு ஏரியில் இறக்கி, சங்கிலியால் கரைப்பாறை வளையத்தில் கட்டிவிடுவேன். வெளியே கிடந்தால் மரம் உலர்ந்து கனம் போய்விடும், வெடிக்கவும் செய்யும். குளிர்காலம் முழுக்கத் தண்ணீரில் ஊறின மரம்தான் மரம். அந்த ஏரித் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறம், கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. அவ்வப்போது போய்ச் சங்கிலியைப் பார்ப்பேன். சங்கிலி விறைப்பாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். திரும்பி வந்துவிடுவேன். ஆட்களைச் சந்தேகப்படுகிற நான் ஏரியைச் சந்தேகப்பட்டதில்லை.

விளையாட்டுக்கு முந்தின நாள் மரங்களை எடுக்கப் போனேன். வெளியூர்ப் பெரிய ஆட்கள் தூக்குகிற மரம் அடியில் சேற்றில் கிடந்தது, இழுக்க மூச்சு முட்டியது. ரூரியின் மரம் மிதந்தது. சங்கிலியைத் தொட்டதும் தானாக வந்தது, படகு மாதிரி. பருத்த முனையில் அந்த எழுத்து இருந்தது, அதே மரம்தான். மேலே மட்டும் ஈரம். விரல் முட்டியால் தட்டினேன், கணீரென்றது. ஊறின மரம் அப்படிச் சத்தம் கொடுக்காது. கரையில் காய்ந்த சேற்றில் டிராக்டர் தடம்.

நேராக அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். ஃபார்கர் மேட்டில் இருந்தான். ஈஷ்பல் அடுக்களையில் மறுநாள் தேநீர்க் கூடாரத்துக்கு ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"மரம் மிதக்குது" என்றேன்.

அவள் திரும்பவில்லை. ரொட்டியைப் புரட்டினாள். "மிதக்கட்டும்."

"நீயா?"

"நானும் மர்டோவும். அவன் டிராக்டர்ல."

மர்டோ அவள் தம்பி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். நவம்பரிலேயே, விலா எலும்பு உடைந்த அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். எனக்குச் சந்தேகம் வராமல் சங்கிலியில் ஒரு பழைய இரும்புக் கேட்டுக் கம்பத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தை மர்டோவின் தகரக் கொட்டகையில் உத்தரத்தோடு சேர்த்துக் கட்டிப் போட்டு, ஜூலைக் கடைசியில் திரும்பக் கொண்டுவந்து ஏரியில் விட்டிருக்கிறார்கள். இவ்வளவையும் அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கொட்டகைல காஞ்ச மரம் வெடிக்கும்மா. மர்டோவுக்கு அது தெரியாதா?"

"அவனுக்குப் பசு மாடுதான் தெரியும்."

"தூக்கினதும் ஃபார்கருக்குத் தெரிஞ்சுடும்."

"எப்படித் தெரியும்? ரெண்டு வருஷமா அந்த மரத்துப் பக்கமே அவரு போனதில்ல. மெய்ரி கூப்பிட்டுப் பார்த்தா. அன்னைக்குத் தொட்டுக்கறேன்னு சொல்லிட்டாரு."

தோப்பிலிருந்து அதைச் சுமந்து வந்தது யார் தோள் என்று அவளுக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். கையில் மாவு.

"நான் என்ன பண்ணட்டும் ஹெக்டர்? அதை அறுத்தாங்கன்னா அவரு முடிஞ்சாரு. அறுக்கக்கூடாதுன்னு போய்த் தூக்கினா கழுத்து ஒடிஞ்சு முடிஞ்சாரு. ரெண்டுல எது நடந்தாலும் நான்தான் மேட்டுக்குப் பின்னால போய் நிக்கணும்." மேட்டுக்குப் பின்னால்தான் எங்கள் கல்லறை.

நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்கதானே அவனை அனுப்பினீங்கன்னு நான் ஒரு நாளும் அவருகிட்டச் சொன்னதில்ல. வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுவேன். நான் முழுங்குறது அவருக்குத் தெரியுது. அதுக்குச் சொல்லியே தொலைச்சிருக்கலாம்." அவள் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள். "நாளைக்கு அவரு அதைப் புரட்டிட்டா, ஒருவேளை வீட்டுக்குள்ள நிமிர்ந்து நடப்பாரு. அவ்வளவுதான் நான் நினைச்சது. அவருகிட்டச் சொல்லிடாதீங்க."

"நானாச் சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்க மாட்டாரு" என்றாள். "இந்த வீட்டுல யாரும் எதையும் கேக்கறதில்ல."

குழுவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும் என்று இதைக் கேட்கிறவர்கள் சொல்லலாம். குழுவை நான் என்றைக்கும் நம்பினதில்லை. சூடாக இரண்டு ரொட்டியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மழை இல்லை. காற்றும் இல்லாததால் கடிப்பூச்சி கூட்டம் கூட்டமாக வந்து காதுக்குள் போயிற்று. தோல்பை வைத்த பைப் வாத்தியம் ஊதுகிறவர்கள் ஊத முடியாமல் கன்னத்தில் அடித்துக்கொண்டார்கள். உள்ளூர்ப் போட்டிக்கு நாலு பேர். கல்லில் ஃபார்கர் கடைசி. சம்மட்டியிலும் கடைசி. கயிற்றுக்கு வெளியே எவனோ கோழிகளை உள்ளே கட்டுங்கப்பா என்று கத்தினான், கூட்டம் சிரித்தது. அந்தக் கூரைக் கதை ஊரெல்லாம் போயிருந்தது. எடைக்குண்டை ஒற்றைக் கையால் தலைக்குமேல் குறுக்குக் கம்பியைத் தாண்டிப் போட வேண்டும். அவன் போட்டது கம்பியில் பட்டு அவன் தோள் பக்கம் விழுந்தது. ஒதுங்கிக்கொண்டான். அவன் முகம் மாறவே இல்லை. மகனுடைய கில்ட்டில், மகனுடைய கொக்கித் தடத்தில் நின்றான். பின்பக்கமிருந்து பார்த்தால் ரூரிதான்.

கேபருக்குச் சீட்டுப் போட்டதில் ஃபார்கர் முதல் ஆள். மைதான வேலை பார்க்கிற நானும் இன்னொருவனும் மரத்தைச் சுமந்துபோய் நிறுத்திப் பிடித்தோம். என்ன இவ்வளவு லேசா இருக்கு என்பது போல மற்றவன் என்னைப் பார்த்தான். உனக்குத்தான் இந்த வருஷம் பலம் கூடிப்போச்சு போல என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

ஃபார்கர் வந்து மரத்தைக் கட்டிக்கொண்டு, தோளைக் கொடுத்து, விரல்களைக் கோத்து அடியில் இறக்கிக் குனிந்தான். தூக்கினான். நிரம்பிய வாளி என்று நினைத்து வெறும் வாளியைத் தூக்கினவன் பின்னால் சாய்வான் பாருங்கள், அப்படி ஒரு அடி பின்னால் போனான். நின்றான். மரம் அவன் தோளில் நேராக நின்றது, ஆடவில்லை. மெய்ரி கயிற்றோரத்திலிருந்து ஓடுங்க, ஓடுங்க என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அவன் ஓடவில்லை. மெதுவாக மரத்தைத் தரையில் இறக்கினான். நடுவர் ஒரு முயற்சி போச்சு என்று விரலைக் காட்டினார். மூன்றில் ஒன்று.

நான் மரத்தைத் தாங்கப் போனேன். அவன் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கடிப்பூச்சி அவன் கண்ணிமையில் உட்கார்ந்திருந்தது, அவன் தட்டவில்லை.

"ஹெக்டர்" என்றான். "இந்த மரம்..."

நான் காத்திருந்தேன். கேட்டால் சொல்லியாக வேண்டும். சொல்லத் தயாராகத்தான் இருந்தேன்.

அவன் கண் என்னைத் தாண்டிப் போயிற்று. தேநீர்க் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஈஷ்பல் ஏப்ரனோடு நின்றாள். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மர்டோ மைதானத்தைப் பார்க்காமல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ஃபார்கர் இரண்டு பேரையும் பார்த்தான். வெகுநேரம் என்று எனக்குப் பட்டது. நடுவர் தொண்டையைச் செருமினார்.

"ஒன்னுமில்ல. நிமித்திப் பிடிங்க" என்றான்.

இரண்டாவது தடவை தூக்கியதும் ஓடினான். மெய்ரி சொல்லிக்கொடுத்த மாதிரியே உச்சியைப் பார்த்துக்கொண்டு ஓடினான், நின்றான், முழங்காலிலிருந்து இழுத்துப் பிடுங்கினான். பருத்த தலை புல்லில் குத்தியது. வால் எழுந்தது. இரண்டு வருஷம் முன்னால் அது யோசித்து நின்ற இடத்தில் இந்தத் தடவை நிற்கவே இல்லை. தாண்டி, அவனுக்கு நேர் எதிரே போய் நீட்டாக விழுந்தது. நடுவர் பன்னிரண்டு என்று கத்தினார். கூட்டம் எழுந்துவிட்டது. எங்கள் ஊர்க் கூட்டம் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. மெய்ரி கயிற்றுக்கு மேலாகத் தாண்டி ஓடிவந்து பாதி வழியில் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சத்தத்தில் யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்டேன். தலை குத்தினபோது மரம் வெடித்தது. போய்ப் பார்த்தால், பருத்த முனையிலிருந்து பாதி நீளத்துக்கு விரிசல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. ரூரியின் எழுத்துக்கு நடுவே போயிருந்தது. உள்ளே வெளுத்த, காய்ந்த கட்டை.

நடுவரும் வந்து குனிந்தார். அவர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் தச்சு வேலை செய்கிறவர், மரம் தெரிந்த ஆள். விரிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "புரண்டது புரண்டதுதான். இதை இனி யாரும் தூக்க முடியாது, மத்தவங்களுக்கு வேற மரம் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நடுவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அந்த ஆளைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஃபார்கர் மரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். விரலை விரிசலுக்குள் விட்டான். வெளியே எடுத்துப் பார்த்தான். ஈரமில்லை. விரலைக் கில்ட்டில் துடைத்துக்கொண்டான். பிறகு புல்லில் கிடந்த தன் கோட்டை எடுத்து விரிசலின்மேல் விரித்துப் போட்டான், குட்டி போட்ட ஆட்டை மழையிலிருந்து மூடுகிற மாதிரி.

"ஈஷ்பல் வர்றா. அவகிட்ட ஒன்னும் சொல்லாதீங்க" என்றான்.

அவள் புல்லில் வேகமாக நடந்து வந்தாள். அவன் எழுந்து நின்றான். எதிரெதிரே நின்றார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பொது இடத்தில் யாரும் யாரையும் கட்டிக்கொள்கிற வழக்கம் இல்லை. அவள் அவன் தோள்பட்டையைத் தொட்டு, சட்டையில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாள்.

"கனமா இருந்துச்சு" என்றான் ஃபார்கர். "ரொம்பக் கனம்."

"தெரியும்" என்றாள் ஈஷ்பல்.

அன்றைக்கு ரம்பம் எடுக்கவில்லை. உடைந்த மரத்தைக் குழு என்ன செய்யும்? எடுத்துக்கொண்டு போ என்றார்கள். அவன் மர்டோவிடம் டிராக்டர் கேட்கவில்லை. மெய்ரியின் மீன் வண்டிக்கூரையில் கட்டிக்கொண்டு, பின்னால் நடந்தே போனான்.

அதற்குப் பிறகு அவன் ஒன்றையும் தூக்கவில்லை. சம்மட்டியும் ஓடைக்கல்லும் கீழ்வயல் வரப்பில் கிடந்தன, புல் மூடிவிட்டது. கில்ட்டை ஈஷ்பல் துவைத்து மடித்துப் பழைய பெட்டியில் வைத்தாள். கொக்கியைப் பிரிக்கவில்லை. மெய்ரி அடுத்த வருஷம் கடற்கரைப் பக்கம் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். நல்லதுதான். புதிதாக வந்த மீன் வண்டிக்காரன் பழைய மீன் விற்கிறான்.

பேசினால் துக்கம் தீரும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பாதிரியார்கூடச் சொல்கிறார். எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் முன்பு பேசாமல் விட்டது ஒன்று இருந்தது, இப்போது இரண்டு இருக்கின்றன. ஆனால் இந்த இரண்டாவதை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குப் பட்டது. அதனால் துக்கம் குறைந்ததா என்று கேட்டால், குறையவில்லை. ஃபார்கர் வீட்டுக்குள் நிமிர்ந்து நடக்கவும் இல்லை.

விளையாட்டு நடந்த அந்த வருஷ நவம்பரில் முதல் பனி விழுந்த நாள் சாயங்காலம் சூப்புக்குப் போனேன். கொல்லையில் அந்த மரத்தை அவன் துண்டு துண்டாக அறுத்துப் பிளந்து அடுக்கியிருந்தான். எதை ரம்பம் தொடக்கூடாது என்று வருஷம் பூரா எலும்பை உடைத்துக்கொண்டானோ அதை அவன் கையாலேயே அறுத்திருந்தான். எழுத்து இருந்த முனையை மட்டும் வட்டமாக வெட்டி, விரிசல் விரியாமல் வேலிக் கம்பியால் சுற்றி இறுக்கி, ஜன்னல் திட்டில் வைத்திருந்தார்கள்.

ஈஷ்பல் தட்டுகளை வைத்தாள். ஃபார்கர் கணப்பைத் திறந்து இரண்டு துண்டுகளை உள்ளே போட்டான். லார்ச் கட்டை, போன ஆகஸ்ட் வரைக்கும் ஏரியில் கிடந்ததாக ஊர் நம்புகிற கட்டை. புகையவில்லை, சீறவில்லை. போட்டதும் பற்றிக்கொண்டு படபடவென்று எரிந்தது. வீடு முழுக்க வெளிச்சம்.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லா எரியுது" என்றாள் ஈஷ்பல். அவள் குரல் அவ்வளவு நன்றாக இல்லை.

ஃபார்கர் கணப்பின் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கொஞ்சநேரம் அதன்மேலேயே கையை வைத்திருந்தான். "ஆமா" என்றான்.

பிறகு வந்து உட்கார்ந்தான். சூப் ஆறுவதற்குள் குடித்தோம்.